கிழக்குச் சுவர்

குளியலறையின் பூட்டைத் திறப்பதற்குச் சில்வஸ்டர் தேங்காய் எண்ணெய் விட வேண்டியிருந்தது. ஜனவரியில் போட்ட பூட்டு. பின்கட்டின் கடைசியில், கூரைச் சாரல் நேராக விழும் இடத்தில் இருந்ததால், ஆடி மழையும் ஐப்பசி மழையும் அதற்குள் புகுந்து துருவாகியிருந்தன. கட்டட வேலை எடுத்துச் செய்யும் நவநீதன், அளவு நாடாவைக் கைக்குள் மறைத்துப் பிடித்தபடி, துக்கம் கேட்க வந்தவனைப் போல இரண்டடி தள்ளி நின்றான். கதவு உள்நோக்கி நகர்ந்தபோது ஈரச் சுண்ணாம்பின் வாடை வெளியே வந்தது. உள்ளே ஒரு நீலநிற வாளி கவிழ்ந்து கிடந்தது. அதை யாரும் நிமிர்த்தவில்லை.

எதற்காக இந்த அறையைப் புதுப்பிக்கிறார்கள் என்பதற்குச் சில்வஸ்டரிடம் ஊருக்குச் சொல்லத்தக்க காரணம் ஒன்று இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஸ்டெபின், பிறந்து ஆறு மாதமான குழந்தையோடும் மனைவியோடும் கிறிஸ்துமஸுக்கு வருகிறான். குழந்தையைக் கொல்லைப்புறத் தகரத் தடுப்புக்குள், விறகடுப்பில் காய்ச்சிய நீரில் குளிப்பாட்ட முடியாது. பணத்தையும் ஸ்டெபினே அனுப்பியிருந்தான். சபையில் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் நல்ல காரியம் என்றார்கள். ஒரு வீட்டில் அப்படியொரு அறையைப் பூட்டியே வைத்திருப்பது நல்லதல்ல என்று போதகரும் சொல்லியிருந்தார்.

சொல்லத்தகாத காரணம் அறையின் கிழக்குச் சுவரில், கூரைக்கு ஒரு முழம் கீழே இருந்தது.

அருவங்காட்டுத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் சில்வஸ்டர் மேட்டின் சரிவில் கட்டிய வீடு இது. அவருடைய மகள் ஜெபிஷா, குன்னூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவள், புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு காலையில் இந்த அறைக்குள் குளிக்கப் போனாள். கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் விழும் ஓசை நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவள் குளித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தார்கள். கதவை உடைத்தபோது அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நல்ல சிவப்பு ஏறியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு உயிர் இருக்கிறது என்றே சில்வஸ்டர் நம்பினார். எரிவாயுவின் நச்சுப்புகை என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

கீசரைப் பொருத்தியவர் இசக்கிமுத்து. அலட்சியத்தால் உயிர் போகக் காரணமானார் என்று அவர்மீது வழக்குப் பதிவானது. அவர் காவலர்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: வெண்டிலேட்டர் திறந்திருக்கும்வரை அந்த அறையில் புகை தங்காது, பொருத்திய அன்றே அதை மூடக்கூடாது என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். ஆனால் பனிக்காலம் தொடங்கியதும் அந்தச் சரிவில் இருக்கும் எல்லா வீட்டாரும் செய்வதைத்தான் இந்த வீட்டிலும் செய்தார்கள். சில்வஸ்டரின் மனைவி தபித்தாள், மகளுக்கு இருமல் விடவில்லை என்று, மார்க்கெட் மீன்கடையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியின் மூடியைக் கேட்டு வாங்கிவந்து, வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, அளவாக அறுத்து, வெண்டிலேட்டரில் பொருத்திச் சுற்றிலும் பழுப்பு நிற டேப்பை ஒட்டினாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவள் ஜெபிஷா.

மகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பிய அன்று, காவலர்கள் வருவதற்குமுன் சில்வஸ்டர் அந்த ஸ்டூலில் ஏறி எல்லாவற்றையும் பிய்த்து அடுப்பில் போட்டார். தெர்மாகோல் கறுப்பாக உருகி எரிந்த நாற்றம் சமையலறையை நிறைத்தது. தபித்தாள் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். வெண்டிலேட்டர் திறந்துதான் இருந்ததா என்று காவலர் கேட்டபோது, திறந்துதான் இருந்தது என்றார் சில்வஸ்டர். பக்கத்தில் இருந்த தபித்தாள் தலையைத் தூக்கவில்லை. அதைப் பற்றி அன்றும் அதற்குப் பிறகும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. திருமணமான காலத்திலும் மகன் பிறந்த பிறகும் அவரை எப்படியும் கூப்பிடாதவள், மகள் பிறந்தபின் ‘ஜெபி அப்பா’ என்று கூப்பிடத் தொடங்கியவள், அந்த நாளோடு அதையும் விட்டுவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் இருக்கும் இடம்வரை நடந்துவந்து சொன்னாள்.

இப்போது வழக்கு விசாரணைக்கு வருகிறது. குளியலறையை நேரில் பார்க்க அனுமதி கேட்டு இசக்கிமுத்துவின் வக்கீல் மனுப்போடப் போகிறார் என்ற செய்தி சில்வஸ்டரின் காதுக்கு எட்டியிருந்தது. டேப்பைப் பிய்த்தபோது வெண்டிலேட்டரின் மரத்திலிருந்து பச்சைப் பெயிண்டும் பட்டையாக உரிந்து வந்திருந்தது. நான்கு பக்கமும், ஸ்கேல் வைத்துக் கிழித்ததைப் போல நேராக. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் பசை முழுவதும் போகவில்லை. பிறகு அதன்மேல் தூசி படிந்து, பிய்த்த டேப்பின் உருவம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அன்று வந்த காவலர்கள் கீசரைக் கழற்றிக்கொண்டு போனார்கள், மேலே பார்க்கவில்லை. இனி வருகிறவர்கள் மேலேதான் பார்ப்பார்கள்.

நவநீதன் அளக்கத் தொடங்கினான். நீளம், அகலம், கதவு, வடிகாலுக்குப் போகும் குழாயின் ஆழம். வெளியே போட்டிருந்த பலகையில் நோட்டை வைத்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினான். தரையை முழுதும் பெயர்க்க வேண்டும் என்றான். பின்பக்கம் மலை மண் ஒட்டி இருப்பதால் நீர்க்கசிவுக்குத் தனிப்பூச்சு கட்டாயம் என்றான். மணலும் டைல்ஸும் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வந்தாலும் மேல்ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து தலைச்சுமையாகத்தான் இறக்க வேண்டும். அந்தக் கூலியே சாமான் விலையில் கால்வாசி பிடிக்கும் என்று, தானே அதற்குக் காரணம் என்பதைப் போல வருத்தத்துடன் சொன்னான். சில்வஸ்டர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. விலையில் பேரம் பேசாத வீட்டுக்காரரைப் பார்த்து நவநீதனுக்கு ஒரு கூச்சம் வந்திருக்க வேண்டும். அதை மறைக்கப் பேச்சை மாற்றினான்.

“ஊட்டியில ஒரு ஹோம்ஸ்டேங்க சார். பாத்ரூமுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வெக்கச் சொன்னாங்க. குளிக்கிறவன் மலையைப் பாத்துக்கிட்டே குளிக்கணுமாம். வெச்சுக் குடுத்தோமுங்க. எதிர்ல கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க ஒருநாள் பூரா வேலையே செய்யலீங்க.”

சில்வஸ்டர் சிரிப்பதற்கு முயன்றார். பிறகு, வேலையை எந்தச் சுவரிலிருந்து ஆரம்பிப்பாய் என்று கேட்டார். தரையிலிருந்துதான் என்றான் நவநீதன். இல்லை, கிழக்குச் சுவரை முதலில் உடைக்க வேண்டும், இந்த வாரமே உடைக்க வேண்டும், மற்றது மெதுவாக நடக்கட்டும் என்றார் சில்வஸ்டர். எதையும் புதுப்பிக்கிறவர்கள் முதலில் தரையைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். நவநீதன் அவருடைய முகத்தைப் பார்த்தான். மகள் சாய்ந்திருந்த சுவர் அதுவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டானோ என்னவோ, சரிங்க என்று மட்டும் சொல்லி எழுதிக்கொண்டான். அப்போதுதான் அவன் அண்ணாந்து பார்த்தான்.

“ஏனுங்க சார், இது தேக்குங்களே.”

தேக்குதான். ஏதோ ஓர் எஸ்டேட் பங்களாவை இடித்தபோது சில்வஸ்டர் ஏலத்தில் எடுத்தது. நவநீதன் கவிழ்ந்து கிடந்த வாளியின்மேல் ஏறி மரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். இந்தக் காலத்தில் இப்படி மரம் கிடைக்காது; நான் எடுத்துக்கொள்கிறேன்; எஸ்டிமேட்டில் அதற்கொரு விலை போட்டுக் கழித்துவிடலாம் என்றான். வேண்டாம், அதை உடைத்து விறகாக்கி இங்கேயே போட்டுவிடு என்றார் சில்வஸ்டர். தேக்கை யாராவது அடுப்பில் வைப்பார்களா என்று நவநீதன் கேட்டான். நான் வைப்பேன் என்ற பதில், சில்வஸ்டர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

நவநீதன் வாளியிலிருந்து இறங்கினான். இறங்குவதற்கு முன் அவன் கட்டைவிரல் அந்த உரிந்த பட்டையை ஒருமுறை மெல்லத் தொட்டதைச் சில்வஸ்டர் கண்டார். தொட்ட விரலை அவன் தன் கால்சட்டையில் துடைத்தான். பிசுபிசுப்பு இருந்திருக்கும். அவன் பலகைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, நோட்டில் எதையோ எழுதி அடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“குழாய் வேலைக்கு இப்ப வேற ஆளுங்க சார். முன்னால இசக்கி அண்ணன்தான் எனக்குப் பண்ணுவாரு. இப்ப யாரும் அவரை ஊட்டுக்குள்ள சேக்கறதில்லீங்க. கேத்தி பக்கம் காரட் கழுவப் போறாரு. இந்த எஸ்டிமேட் போடப் போறேன்னு எப்படியோ தெரிஞ்சு நேத்து என்னைத் தேடி வந்தாருங்க. ‘அந்த பாத்ரூமை உடைக்கற அன்னிக்கு என்னையக் கூப்புடு நவநீதா. கூலி வேண்டாம், கல்லு சுமக்கறேன். அந்த வெண்டிலேட்டரை ஒருவாட்டி பாத்துட்டா எனக்குப் போதும். நான் சரியா வெச்சனா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமாயிருச்சு’ன்னாரு.”

பின்கட்டில், தேநீர் டம்ளர்கள் வைத்த தட்டோடு தபித்தாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டம்ளர்களின் மேல் ஆவி எழும்பவில்லை; வந்து நேரமாகியிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் அந்தச் சரிவில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். நவநீதன் எழுந்து நின்றான். அவள் தட்டைப் பலகையில் வைத்துவிட்டு, இதுவரை எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்டாள். அவன் படித்தான். தரை உடைப்பு, நீர்க்கசிவுப் பூச்சு, வழுக்காத டைல்ஸ், கிளாசெட், கரண்ட் கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன், தலைச்சுமை. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து முப்பதாயிரம் சொச்சம். மகன் அனுப்பியதற்குள் அடங்கும். கடைசி வரியையும் அவன் படித்தான்: கிழக்குச் சுவர் உடைப்பு, பழைய மரம் விறகுக்கு.

தபித்தாள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள். ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக. சில்வஸ்டருடைய கை அவளைத் தடுப்பதற்காகப் பாதி எழுந்து நின்றுவிட்டது. அவள் வாளியை ஒரு காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தான் ஒட்டி அவர் பிய்த்ததன் தடத்தை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள். மாணவர்களின் விடைத்தாளை வாசிக்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

“தம்பி, இதை உடைக்காம முழுசா எடுக்க முடியுமா?”

“எடுக்கலாங்க டீச்சர். சுத்தியும் கொத்தணும். கொஞ்சம் நேரமாகும்.”

“அதெல்லாம் வேண்டாம்” என்றார் சில்வஸ்டர். “உடைச்சிடு.”

“ஜெபி அப்பா.”

பதினொரு மாதமாகக் கேட்காத சொல். அவள் திரும்பாமலே, சுவரைப் பார்த்துக்கொண்டே நவநீதனிடம் சொன்னாள்.

“இசக்கிமுத்துவையே வரச் சொல்லுங்க. அவரே எடுக்கட்டும். கூலியை எஸ்டிமேட்ல சேத்து எழுதுங்க.”

நவநீதன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தான். பிறகு, ரோட்டுக்குப் போய் வண்டி வாடகை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, தேநீரைக் குடிக்காமலே படியேறிப் போனான்.

அவன் போனபின் சமையலறையில் சில்வஸ்டர் நெடுநேரம் பேசினார். குரலை உயர்த்தவில்லை. பொய் சொன்னவன் நான், நீ அல்ல என்றார். இதெல்லாம் வெளியே வந்தால் முதலில் கேட்கும் கேள்வி யார் ஒட்டியது என்பதாகத்தான் இருக்கும் என்றார். சபையில், பள்ளிக்கூடத்தில், கடைத்தெருவில் ஒவ்வொருவரும் அவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு இடமாகச் சொன்னார். ஸ்டெபினுக்கே இது தெரியாது. அவன் மனைவி குழந்தையை இனி உன் கையில் கொடுப்பாளா என்று கேட்டார். அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று கேட்டபிறகுதான் உணர்ந்தார். அந்த ஆளுக்கு என்ன, அபராதமோ கொஞ்சநாள் தண்டனையோதான், கட்டிவிடலாம், நாமே கூட ஏதாவது வழி செய்யலாம் என்றார். தபித்தாள் அடுப்பில் சாம்பலை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பின் உட்சுவரில் அன்று உருகி ஒட்டிய கறுப்பு இன்னும் ஒரு திட்டாக இருந்தது. எத்தனை முறை சுரண்டியும் அது போகவில்லை என்பதை இருவரும் அறிவார்கள், தனித்தனியாகச் சுரண்டியிருந்தார்கள்.

“அவருக்கே சந்தேகம் வந்துருச்சாம்” என்றாள் தபித்தாள். “தான்தான் கொன்னோம்னு அவரு நம்ப ஆரம்பிச்சுட்டாரு. நாம ரெண்டு பேரும் செஞ்சது அதுதான்.”

“தபித்தா…”

“நீங்க எனக்காகச் செஞ்சீங்க. எனக்குத் தெரியும். நான் வேண்டாம்னு சொல்லலை. அதுவும் எனக்குத் தெரியும்.”

மாலையில் சில்வஸ்டர் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே, கவிழ்த்த வாளியின்மேல் தபித்தாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அவரை எழுந்து தடுக்கவில்லை. சுத்தியலைப் பார்க்கவும் இல்லை. அவளைத் தாண்டாமல் அந்தச் சுவரை எட்ட முடியாது. வெளியே வெளிச்சம் போகும்வரை அவர் நிலைப்படியில் நின்றிருந்துவிட்டு, சுத்தியலை விறகுக் குவியலின் மேல் வைத்தார்.

மறுநாள் காலையில் நவநீதனோடு இசக்கிமுத்து வந்தார். முன்பு வேலைக்குக் கொண்டுவரும் அதே காக்கிப் பை. நகக்கண்களில் காரட் வயலின் செம்மண் ஏறிப்போய்க் கறையாகியிருந்தது. சில்வஸ்டரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு அவர் உள்ளே போனார். இறந்தவள் இருந்த இடம் என்பதால் முதலில் தரையைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு ஸ்டூலில் ஏறினார்.

ஏறியவர் வேலையைத் தொடங்கவில்லை. உளியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை உரிந்த பட்டையின்மேல் விரலை வைத்து, மேல் விளிம்பு, பக்கவாட்டு, கீழ் விளிம்பு என்று மெதுவாக ஒரு சுற்று வந்தார். ஒரு மூலையில், பசைக்கடியில், கடுகளவு வெள்ளையாக எதுவோ ஒட்டியிருந்தது. அதை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதாமல் பார்த்தார். தெர்மாகோல் என்று கண்டுகொள்ள அந்தச் சரிவில் வாழ்கிற யாருக்கும் இரண்டாவது பார்வை வேண்டியதில்லை.

“நான்தான் ஒட்டினேன்” என்றாள் தபித்தாள், கதவருகே நின்று. “நீங்க மூடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. பாப்பாவுக்கு இருமல். ரெண்டு வாரம்தானேன்னு ஒட்டினேன்.”

இசக்கிமுத்து அவளைப் பார்த்தார். பிறகு சில்வஸ்டரைப் பார்த்தார். திட்டுவார், அல்லது அழுவார் என்று சில்வஸ்டர் காத்திருந்தார். அந்த இரண்டில் எதுவானாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். இசக்கிமுத்து கேட்டது ஒன்றுதான்.

“என் ஊட்டுக்காரிகிட்ட நான்தான் அந்தப் புள்ளையக் கொன்னேன்னு சொல்லிட்டேங்க. அவகிட்ட இப்ப போயி என்னன்னு சொல்றதுங்க?”

அவர் திரும்பி உளியை வைத்துச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார். மரத்தில் ஓர் அடிகூடப் படாமல், காரையை மட்டும் கொத்தி, நான்கு பக்கமும் தளர்த்தி, கண்ணாடிப் பட்டைகளோடு சேர்த்து முழுதாக இறக்கினார். நவநீதன் கீழே பிடித்துக்கொண்டான். தபித்தாள் ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கி, பசைத்தடம் உராயாதபடி சுற்றிக் கட்டிக்கொண்டு, இசக்கிமுத்து தோளில் தூக்கினார். நேராக வக்கீலிடம் போவதாகச் சொன்னார். கூலியை நவநீதன் நீட்டியபோது அதைப் பார்க்காமலே படியிறங்கினார்.

சில்வஸ்டர் வேலியோரம் நின்று அவர் போவதைப் பார்த்தார். பாதை வீடுகளின் பின்புறமாகவே வளைந்து வளைந்து இறங்கியது. கார்த்திகைக் குளிர் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும், கூரைக்குக் கீழே, வெண்டிலேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. சிலவற்றில் டேப் புதிதாகப் பளபளத்தது. தோளில் போர்வைச் சுமையோடு இசக்கிமுத்து அவை ஒவ்வொன்றின் அடியிலும் ஒருகணம் நின்று, அண்ணாந்து பார்த்து, பிறகு நடந்தார்.

சில்வஸ்டர் திரும்பி வந்தபோது நவநீதன் எஸ்டிமேட்டின் கடைசித் தாளில் கூட்டலைத் திருத்திக்கொண்டிருந்தான். வேலையை என்றைக்கு ஆரம்பிக்கலாம் என்று கேட்டான். அதற்குத் தேதி சொல்ல வேண்டியவர்கள் இனி நாங்கள் அல்ல, கோர்ட்டுதான் என்றாள் தபித்தாள். கிறிஸ்துமஸுக்கு ஸ்டெபினை வரச்சொல்லலாமா வேண்டாமா என்பதும் அந்தத் தேதியில் அடங்கியிருந்தது. அவனிடம் இன்றே போனில் பேசிவிட வேண்டும் என்று அவள் சொன்னாள். நான் பேசுகிறேன் என்றார் சில்வஸ்டர். இல்லை, நான்தான் பேச வேண்டும் என்றாள் அவள்.

கிழக்குச் சுவரில் இப்போது ஒரு செவ்வக ஓட்டை இருந்தது. அதன் வழியாக மூடுபனி மெல்ல உள்ளே இறங்கி, தரையைத் தொட்டு, கதவைக் கடந்து வீட்டுக்குள் பரவியது. புறப்படுவதற்கு எழுந்த நவநீதன், மூலையில் கிடந்த ஒரு காலிச் சாக்கை வெறும் பழக்கத்தில் கையிலெடுத்து, அந்த ஓட்டையை அடைப்பதற்காக வாளியின்மேல் ஒரு காலை வைத்தான். வைத்தபிறகுதான் தான் செய்வது இன்னதென்று அவனுக்குப் புரிந்தது. சாக்கைக் கீழே போட்டுவிட்டு, இருவர் முகத்தையும் பார்க்காமல் அவன் வெளியேறினான்.